வாரண்டு இல்லாமல் வீட்டுக்குள் நுழையலாமா?

வரதய்யபாளையம், சத்தியவேடு, தடா வட்டாரத்தில் வாடகை வீடுகளில் குடியிருக்கும் தமிழர்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம். போலீஸார் நள்ளிரவில் கதவைத் தட்டினால் திறக்க வேண்டுமா, வேண்டாமா? பத்துப் பேரில் ஐந்து பேர், “போலீஸ் தட்டினால் திறக்காமல் முடியுமா?” என்பார்கள். மற்ற ஐந்து பேர், “வாரண்டு இல்லாமல் உள்ளே காலெடுத்து வைக்கக் கூடாது” என்பார்கள். முதல் பதில் பயத்திலிருந்து வருகிறது. இரண்டாவது பதில் சினிமாவிலிருந்து வருகிறது. இரண்டுமே தவறு. இவற்றில் இரண்டாவது அதிக ஆபத்தானது என்றே சொல்ல வேண்டும். சட்டம் அனுமதிக்கிற சந்தர்ப்பத்தில், “வாரண்டு எங்கே?” என்று வாசலை மறித்துக்கொண்டு நின்று கைகலப்பில் இறங்குகிறவர், அதுவரை தம் மீது இல்லாத ஒரு வழக்கைத் தாமே தேடிக்கொள்கிறார்.

இந்த வட்டாரத்துக்கு இந்தக் கேள்வி ஏட்டுக் கேள்வி அல்ல. ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டை வந்த பிறகு, சத்தியவேடும் வரதய்யபாளையமும் பழைய கிராமங்களாக இல்லை. எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்தும், இன்னும் தெற்கேயிருந்தும் வேலைக்கு வந்தவர்கள் ஓர் அறையில் நான்கு பேர், ஐந்து பேர் என்று தங்கியிருக்கிறார்கள். இரவு ஷிப்டு முடிந்து விடியற்காலையில் வந்து படுப்பவர் ஒருவர். அதே பாயிலிருந்து எழுந்து முதல் ஷிப்டுக்குப் போகிறவர் இன்னொருவர். வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருப்பதில்லை. ஆதார் அட்டையில் இருப்பது ஆரணி முகவரியாகவோ, அரியலூர் முகவரியாகவோ இருக்கும். மோட்டார் சைக்கிள் தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்டது, அதன் ஆர்.சி. புத்தகம் ஊரில் அண்ணனிடம் இருக்கும். திருட்டு, கஞ்சா, செம்மரம் என்று எந்த வழக்கில் யாரைத் தேடினாலும், முதல் சந்தேகம் இப்படிப்பட்ட அறைகளின் மீது விழுவது வழக்கமாகிவிட்டது.

செம்மரம் என்ற சொல்லை இந்த மாவட்டங்களில் தமிழர்கள் லேசாகச் சொல்வதில்லை. 2015-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் தேதி, சேஷாசலம் மலையடிவாரத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் தமிழ்நாட்டைச் சேர்ந்த மரம் வெட்டும் தொழிலாளர்கள் 20 பேர் உயிரிழந்தார்கள். அது வீடு புகுந்த சம்பவம் அல்ல. என்றாலும் அதற்குப் பிறகு, ஆந்திரப் போலீஸார் கதவைத் தட்டும் ஓசை ஒரு தமிழ்த் தொழிலாளியின் காதில் எப்படி விழும் என்பதை விளக்கத் தேவையில்லை. பயப்படுகிற மனிதனுக்கு சட்டம் தெரிந்திருக்க வேண்டியது மற்றவர்களைவிட அதிக அவசியம்.

சட்டம் என்ன சொல்கிறது? 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய சட்டம் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன. வீட்டுக்குள் நுழைவது பற்றிய விதிகளின் சாரம் பெரும்பாலும் பழையதே. ஒன்றிரண்டு இடங்களில் குடிமகனுக்குச் சாதகமான சேர்க்கைகளும் உண்டு.

போலீஸார் வீட்டுக்குள் வருவது இரண்டு காரியங்களுக்காக: ஒரு ஆளைப் பிடிக்க, அல்லது ஒரு பொருளைத் தேட. இரண்டுக்கும் விதிகள் வேறு வேறு. வாசலில் நிற்கும் அதிகாரியிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி வாரண்டைப் பற்றியது அல்ல, “யாரைத் தேடி வந்தீர்கள், அல்லது எதைத் தேடி வந்தீர்கள்?” என்பதுதான்.

ஆளைப் பிடிக்க வந்தால், 44-ஆம் பிரிவு பொருந்தும். இது பழைய 47-ஆம் பிரிவு. கைது செய்யும் அதிகாரம் உள்ள போலீஸ் அதிகாரி, தேடப்படும் ஆள் இந்த வீட்டுக்குள் இருக்கிறான் என்று நம்புவதற்குக் காரணம் இருந்தால், உள்ளே விடும்படி கேட்கலாம். வீட்டில் குடியிருப்பவர் அல்லது பொறுப்பில் இருப்பவர் வழிவிட வேண்டும். வாரண்டு இல்லாமலேயே கைது செய்யக் கூடிய குற்றமாக இருந்தால், இதற்கு வாரண்டு தேவையில்லை. வழிவிட மறுத்தால் கதவை உடைக்கவும் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அதற்கு முன் அதிகாரி தாம் யார், என்ன அதிகாரத்தில் வந்திருக்கிறார், எதற்காக வந்திருக்கிறார் என்பதைச் சொல்லி, கதவைத் திறக்கும்படி கேட்டிருக்க வேண்டும். வாரண்டு இல்லாமல் உடைப்பதென்றால், வாரண்டு வாங்கப் போகும் நேரத்தில் ஆள் தப்பிவிடுவான் என்ற நிலையும் இருக்க வேண்டும். ஒன்றும் சொல்லாமல் கதவைக் காலால் உதைத்துத் திறப்பது இந்தப் பிரிவில் எங்கும் இல்லை. அந்நியர் முன் வராத வழக்கமுடைய பெண்கள் இருக்கும் அறையானால், அவர்கள் விலகிக்கொள்ள அவகாசமும் வசதியும் தர வேண்டும் என்று சட்டமே கூறுகிறது.

இங்கே இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எல்லாக் குற்றத்துக்கும் வாரண்டு இல்லாமல் கைது செய்ய முடியாது. வாரண்டின்றிக் கைது செய்ய முடியாத வகைக் குற்றங்களில், மாஜிஸ்திரேட்டின் உத்தரவு இல்லாமல் போலீஸார் விசாரணையே தொடங்கக் கூடாது. ஏழு ஆண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களில், கைது அவசியம் என்பதற்குக் காரணத்தை எழுதி வைக்க வேண்டும். அவசியம் இல்லையென்றால் ஆஜராகும்படி நோட்டீஸ் கொடுத்தால் போதும். கைமாற்றுக் கடன், வாடகைப் பாக்கி, சீட்டுத் தவணை போன்ற வெறும் பணத் தகராறுகளில் போலீஸாருக்கு வீட்டுக்குள் என்ன வேலை? ஒரு வேலையும் கிடையாது. வீட்டுக்காரர் அழைத்து வந்த கான்ஸ்டபிள், வாடகை தராதவரின் சாமானைத் தூக்கி வெளியே வைக்கச் சட்டத்தில் இடமே இல்லை. தமிழ்க் குடித்தனக்காரர்கள் அதிகம் படும் தொல்லை இதுதான் என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பொருளைத் தேட வந்தால், 185-ஆம் பிரிவு. பழைய சட்டத்தில் 165. பொதுவாகச் சோதனைக்கு மாஜிஸ்திரேட்டிடம் வாரண்டு வாங்க வேண்டும். வாரண்டு வாங்கப் போனால் காலதாமதமாகி, பொருள் கைக்கு எட்டாமல் போய்விடும் என்ற நிலையில் மட்டும், வாரண்டு இல்லாமல் சோதனை செய்ய இந்தப் பிரிவு அனுமதிக்கிறது. அந்த அதிகாரமும் எல்லா போலீஸ்காரருக்கும் இல்லை. ஸ்டேஷன் பொறுப்பதிகாரிக்கு உண்டு; அந்த வழக்கை விசாரிக்கும் அதிகாரிக்கு உண்டு. அவர் வீட்டுக்குப் புறப்படுவதற்கு முன், எந்த வழக்கு, எந்தப் பொருள், அது அந்த வீட்டில் இருக்கும் என்று ஏன் நம்புகிறார் என்பதைக் கேஸ் டைரியில் எழுத வேண்டும். கூடியவரை அவரே நேரில் வர வேண்டும். வர முடியாவிட்டால், ஏன் முடியவில்லை என்பதையும் எழுதி, தமக்குக் கீழுள்ளவருக்கு எழுத்து மூலம் உத்தரவு தர வேண்டும். அந்த உத்தரவில் வீடும் பொருளும் குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும். எழுதியவற்றின் நகல் 48 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள மாஜிஸ்திரேட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். இந்த 48 மணி நேரக் கெடு புதிய சட்டத்தில் வந்தது. முன்பு “உடனே” என்று மட்டும் இருந்தது. வீட்டில் குடியிருப்பவர் மனுப் போட்டுக் கேட்டால், அந்த நகலை மாஜிஸ்திரேட் கட்டணமின்றித் தர வேண்டும்.

இந்தக் கடைசி வரியை எத்தனை பேர் அறிவார்கள்? சோதனை நடந்த வீட்டுக்காரர், “என் வீட்டை ஏன் சோதனை போட்டார்கள்?” என்று அறிய யார் காலிலும் விழ வேண்டியதில்லை. ஒரு வெள்ளைத் தாளில் மனு எழுதினால் போதும். எழுதிய காரணம் ஒன்றுமே கோர்ட்டுக்கு வரவில்லை என்று தெரிந்தால், அதுவே போலீஸார் மீது புகார் செய்ய முதல் ஆதாரமாகிறது.

சோதனை எப்படி நடக்க வேண்டும் என்பது 103-ஆம் பிரிவில் இருக்கிறது. அந்தப் பகுதியைச் சேர்ந்த, வழக்கில் சம்பந்தமில்லாத, மதிப்புள்ள இருவரையாவது சாட்சிக்கு அழைக்க வேண்டும். குடியிருப்பவர், அல்லது அவர் சார்பில் ஒருவர், சோதனை முழுவதும் உடன் இருக்கலாம். கைப்பற்றிய பொருள்களுக்கு ஜாபிதா எழுதி, சாட்சிகள் கையெழுத்திட்டு, அதன் பிரதியைக் குடியிருப்பவருக்குத் தர வேண்டும். தமிழ்நாட்டில் மகஜர் என்பதை இங்கே பஞ்சநாமா என்கிறார்கள். பெண்ணின் உடலைச் சோதிப்பதென்றால் பெண்தான் சோதிக்க வேண்டும். புதிய சட்டத்தின் 105-ஆம் பிரிவு இன்னும் ஒன்றைச் சேர்த்திருக்கிறது. சோதனையும், ஜாபிதா எழுதுவதும், சாட்சிகள் கையெழுத்திடுவதும் ஒலி-ஒளியாகப் பதிவு செய்யப்பட வேண்டும். செல்போனிலேயே எடுத்தாலும் போதும். அந்தப் பதிவைத் தாமதமின்றி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்ப வேண்டும். ஆகவே, “ஐயா, வீடியோ எடுக்கிறீர்களா?” என்று பணிவாகக் கேட்பது எதிர்த்துப் பேசுவது ஆகாது. சட்டம் அந்த அதிகாரியிடம் கேட்பதையே குடித்தனக்காரரும் கேட்கிறார்.

இரவில் சோதனை கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். பொதுச் சட்டத்தில் அப்படி ஒரு தடை இல்லை. சூரியன் மறைந்த பின்னும், உதிக்கும் முன்னும் பெண்ணைக் கைது செய்யக் கூடாது என்ற தடை உண்டு. மிக அசாதாரணமான நிலையில் பெண் போலீஸ் அதிகாரி எழுத்து மூலம் காரணம் காட்டி, முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி பெற்றே அதைச் செய்யலாம். போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் மட்டும் பகலும் இரவும் வேறுபடுத்தப்பட்டிருக்கின்றன. அச்சட்டத்தின் 42-ஆம் பிரிவின்படி, அதிகாரம் பெற்ற அதிகாரி சூரிய உதயத்துக்கும் அஸ்தமனத்துக்கும் இடையில் வாரண்டு இல்லாமல் நுழையலாம். இரவில் நுழைவதென்றால், வாரண்டு வாங்கப் போனால் பொருள் மறைக்கப்பட்டுவிடும் அல்லது ஆள் தப்பிவிடுவான் என்று தாம் நம்பும் காரணத்தை எழுதி வைக்க வேண்டும்; அதை 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டும். இந்த அதிகாரம் கான்ஸ்டபிளுக்குக் கிடையாது. காரணமின்றி, தொல்லை கொடுப்பதற்காக இப்படி நுழைந்த அதிகாரிக்கு ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை தரவும் அதே சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. அந்தப் பிரிவு புத்தகத்தைவிட்டு வெளியே வருவது அபூர்வம் என்பது வேறு விஷயம்.

எல்லையோர ஊர் என்பதால் இன்னொரு சிக்கல். கும்மிடிப்பூண்டியில் நடந்த திருட்டுக்குத் தமிழ்நாட்டுப் போலீஸார் வரதய்யபாளையத்தில் வந்து வீடு புகலாமா? கைது செய்யத் துரத்தி வரும் போலீஸார் இந்தியாவின் எந்த மூலைக்கும் போகலாம். சோதனைக்கு வந்தால், உள்ளூர் ஸ்டேஷன் மூலம் செய்வதே முறை. தாமதமானால் தடயம் அழிந்துவிடும் என்ற நிலையில் அவர்களே சோதனை செய்யலாம். உடனே உள்ளூர் ஸ்டேஷனுக்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் தெரிவிக்க வேண்டும். தமிழ் பேசும் போலீஸார் வந்தார்கள் என்பதற்காக நம்பிக் கதவைத் திறப்பதும், தெலுங்கு பேசுகிறவர்கள் வந்தார்கள் என்பதற்காக அஞ்சுவதும் ஒரே மாதிரியான தவறு. இருவருக்கும் சட்டம் ஒன்றுதான்.

இவ்வளவும் ஒரு தனி வீட்டுக்குள் நுழைவது பற்றியவை. சில ஆண்டுகளாக ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் வழக்கமாகிவிட்ட “கார்டன் சர்ச்” இவற்றில் எதிலும் அடங்கவில்லை. விடியற்காலையில் நூற்றுக்கணக்கான போலீஸார் ஒரு காலனியைச் சுற்றி வளைக்கிறார்கள். வழிகளை அடைக்கிறார்கள். வீடு வீடாகத் தட்டி, ஆதார் அட்டை பார்க்கிறார்கள், வண்டிப் பத்திரங்களைப் பார்க்கிறார்கள், அறைகளைப் பார்க்கிறார்கள். பத்திரம் இல்லாத மோட்டார் சைக்கிள்கள் ஸ்டேஷனுக்குப் போகின்றன. 2024 மே 13-ஆம் தேதி வாக்குப்பதிவுக்குப் பிறகு சில இடங்களில் கலவரம் மூண்டபோது, ஜூன் 4-ஆம் தேதி வாக்கு எண்ணிக்கைக்கு முன்னால் ஆந்திரத்தின் பல பகுதிகளில் இப்படிச் சோதனைகள் நடந்தன.

போலீஸார் பக்கத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. கலவரத்துக்கு மறுநாள் கம்பும் கத்தியும் பெட்ரோல் பாட்டிலும் எங்கே பதுங்கியிருக்கின்றன என்று தேடாத போலீஸாரை யார் மதிப்பார்கள்? திருட்டு வண்டிகள் கிடைக்கின்றன. தேடப்படும் ஆட்கள் அகப்படுகிறார்கள். குடியிருப்புச் சங்கங்களே, “எங்கள் தெருவுக்கும் வாருங்கள்” என்று அழைப்பதும் உண்டு. ஆனால் 185-ஆம் பிரிவு கேட்பது மூன்று குறிப்புகளை: ஒரு குறிப்பிட்ட குற்றம், ஒரு குறிப்பிட்ட பொருள், ஒரு குறிப்பிட்ட இடம். முந்நூறு வீடுகளுக்கும் சேர்த்து இந்த மூன்றையும் எந்த அதிகாரியால் எழுத முடியும்? எழுத முடியாது என்பதால், “மக்கள் தாங்களாகவே ஒத்துழைத்தார்கள்” என்று போலீஸ் தரப்பில் சொல்லப்படுகிறது. விடியற்காலை நான்கு மணிக்கு, தெரு முனையில் போலீஸ் வேன் நிற்க, துப்பாக்கி ஏந்தியவர் வாசலில் நிற்க, கைலியுடன் தூக்கக் கலக்கத்தில் எழுந்து வந்தவர் “வாருங்கள்” என்று சொன்னால், அதைச் சம்மதம் என்று கொள்ள நேர்மையான மனம் எதுவும் ஒப்பாது.

இதே வரதய்யபாளையத்தில் 2019 அக்டோபரில் இன்னொரு வகைச் சோதனையையும் ஊர் பார்த்தது. கல்கி ஆசிரமத்தில் வருமான வரித் துறையினர் பல நாட்கள் சோதனை நடத்தினார்கள். சென்னை, ஐதராபாத், பெங்களூரிலும் சேர்ந்தாற்போல் நடந்த அந்தச் சோதனையின் முடிவு என்ன என்பது இங்கே விஷயம் அல்ல. நடைமுறைதான் விஷயம். வருமான வரிச் சட்டத்தின்படி, உயர் அதிகாரி ஒருவர் தம் கையிலுள்ள தகவலை வைத்து, நம்புவதற்குக் காரணம் இருக்கிறது என்று கண்டு, அதிகாரப் பத்திரத்தில் கையெழுத்திட்ட பிறகுதான் யாரும் உள்ளே போக முடியும். பெரிய வளாகத்துக்குள் நுழைய ஓர் உயர் அதிகாரியின் கையெழுத்து தேவைப்படுகிறது. அதே ஊரில் பத்துக்குப் பன்னிரண்டு அறையில் தங்கியிருக்கும் தொழிலாளியின் கதவுக்கு ஒரு டார்ச் லைட் போதும் என்றால், அரசியல் சட்டத்தின் 14-ஆம் பிரிவில் சொல்லப்படும் சமத்துவம் எங்கே நிற்கிறது?

வீட்டின் பாதுகாப்பை அரசியல் சட்டத்தில் வெளிப்படையாக எழுதியிருக்கலாம். அமெரிக்காவில் 1791-லேயே எழுதிவிட்டார்கள். நமது அரசியல் நிர்ணய சபையிலும் அந்த யோசனை வந்தது. குற்ற விசாரணைக்கு இடையூறாகும் என்று பி. என். ராவும், நெல்லூர் மாவட்டத்தில் பிறந்து சென்னையில் புகழ்பெற்ற வக்கீலாக விளங்கிய அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரும் கருதினார்கள். 1948 டிசம்பரில் காஸி சையத் கரீமுத்தீன் கொண்டுவந்த திருத்தத்தை, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஏற்கெனவே உள்ள விஷயம் என்றாலும் ஏற்கலாம் என்று டாக்டர் அம்பேத்கர் சொன்னார். ஆனாலும் அது அரசியல் சட்டத்தில் இடம் பெறவில்லை. அந்த இடைவெளியை நிரப்பக் கோர்ட்டுகளுக்கு எழுபது ஆண்டுகள் பிடித்தன.

அந்தக் கதையில் முக்கியமான ஆள் கரக் சிங். உத்தரப் பிரதேசக்காரர். 1941-இல் ஒரு கொள்ளை வழக்கில் பிடிபட்டு, சாட்சியம் இல்லை என்று விடுவிக்கப்பட்டவர். விடுவித்த போலீஸார் அவர் பெயரில் ஒரு “ஹிஸ்டரி ஷீட்” திறந்துவிட்டார்கள். அதன் பிறகு இரவு நேரங்களில் போலீஸாரும் காவல்காரர்களும் அவர் வீட்டு வாசலுக்கு வந்து கதவைத் தட்டுவார்கள், கூச்சலிட்டு எழுப்புவார்கள், ஆள் உள்ளே இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுப் போவார்கள். வழக்கும் இல்லை, வாரண்டும் இல்லை. கரக் சிங் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1962 டிசம்பரில் ஆறு நீதிபதிகள் கொண்ட பெஞ்ச் தீர்ப்புச் சொன்னது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் சென்னையைச் சேர்ந்த நீதிபதி ராஜகோபால அய்யங்கார். இரவில் வீட்டுக்குப் போய்த் தட்டி எழுப்புவதற்கு இடம் தரும் விதி, 21-ஆம் பிரிவிலுள்ள தனி மனித சுதந்திரத்துக்கு விரோதம் என்று அதை ரத்து செய்தார். மனிதனின் வீடு அவனுக்குக் கோட்டை என்ற 1604-ஆம் ஆண்டின் ஆங்கிலேயத் தீர்ப்பும் அதில் நினைவுகூரப்பட்டது. ஆனால் அந்தரங்கம் என்பது அடிப்படை உரிமை அல்ல என்றும் அதே தீர்ப்பு சொல்லிவிட்டது. அதை ஏற்காமல், உரிமை உண்டு, கண்காணிப்பு விதி முழுவதுமே செல்லாது என்று தனியே எழுதியவர் ஆந்திரத்தின் சுப்பாராவ். நீதிபதி ஷா அவருடன் சேர்ந்தார். 55 ஆண்டுகள் கழித்து, 2017 ஆகஸ்ட் 24-இல், புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமுகமாக அந்தரங்க உரிமையை அடிப்படை உரிமை என்று அறிவித்தபோது, வெற்றி பெற்றது சுப்பாராவின் கருத்து. தெலுங்கு நாட்டு போலீஸ் ஸ்டேஷன்களில் அந்தத் தெலுங்கு நீதிபதியின் படத்தை மாட்டி வைத்தால் தவறில்லை.

புட்டசாமி தீர்ப்புக்குப் பிறகு, அந்தரங்கத்தில் தலையிடுவதற்குச் சட்டத்தின் ஆதாரம் வேண்டும். போலீஸ் இலாகாவின் உள் உத்தரவு போதாது. இதை வைத்துத்தான் 2022-இல் ஆந்திர ஐகோர்ட் நீதிபதி டி. வி. எஸ். எஸ். சோமயாஜுலு, போலீஸ் நிலையாணைகளை மட்டும் காட்டி ரவுடி ஷீட் திறப்பதும், இரவில் வீட்டுக்குப் போவதும் செல்லாது என்று தீர்ப்பளித்தார். அந்தத் தீர்ப்பு மேல்முறையீட்டுக்கு உள்ளாயிற்று. அதை முடிந்த முடிவாகக் கொள்ள முடியாது. 2025-இல் கேரள ஐகோர்ட் நீதிபதி வி. ஜி. அருண், கண்காணிப்பு என்ற பெயரில் பழைய குற்றவாளியானாலும் அவர் வீட்டுக் கதவை நள்ளிரவில் தட்டும் உரிமை போலீஸாருக்கு இல்லை என்று சொன்னார். கதவைத் திறக்க மறுத்ததற்காகப் போடப்பட்ட வழக்கு அங்கே ரத்தாயிற்று. பழைய கேடிக்கே இந்தப் பாதுகாப்பு உண்டென்றால், பெயரில் ஒரு புகாரும் இல்லாத ஆலைத் தொழிலாளிக்கு அது எவ்வளவு அதிகமாக இருக்க வேண்டும்!

இத்தனை இருந்தும் சட்டத்தில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அதை மறைப்பதில் பயனில்லை. முறை தவறி நடந்த சோதனையில் கிடைத்த பொருளை, முறை தவறியது என்ற ஒரே காரணத்துக்காக இந்தியக் கோர்ட்டுகள் ஒதுக்கித் தள்ளுவதில்லை. 1973-இல் பூரன் மல் வழக்கிலும், அதற்கு முன் ராதா கிஷன் வழக்கிலும் சுப்ரீம் கோர்ட் இப்படித்தான் சொல்லியிருக்கிறது. சாட்சியத்தை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும், அவ்வளவே. ஆகவே, விதியை மீறுவதால் போலீஸாருக்கு வழக்கில் நஷ்டம் குறைவு. மற்றொரு பக்கம், காரணத்தை எழுதி வைக்காமல் புகையிலை தேடி வந்த கலால் அதிகாரியைத் தடுத்த ராஜஸ்தானத்து ரஹ்மான் என்பவர் குற்றவாளி அல்ல என்று 1960-இல் பதிவான தீர்ப்பில் அதே சுப்ரீம் கோர்ட் சொன்னது. சட்ட விரோதச் சோதனையை எதிர்க்கலாம் என்பது சட்டப் புத்தகத்தில் சரி. ஆனால் அதிகாரி காரணத்தை எழுதினாரா, இல்லையா என்பது வாசலில் நிற்கிறவருக்கு அந்த நேரத்தில் எப்படித் தெரியும்? ரஹ்மானுக்கும் அது சுப்ரீம் கோர்ட் வரை போன பிறகுதான் உறுதியாயிற்று. அயலூரில் தினக்கூலிக்கு இருப்பவர் அந்தப் பரீட்சையில் இறங்க வேண்டாம். கையை ஓங்காமல், தள்ளாமல், பெயரையும் காரணத்தையும் கேட்டு, சாட்சிக்குப் பக்கத்து வீட்டாரை அழைக்கச் சொல்லி, எல்லாவற்றையும் நினைவில் வைத்துக்கொண்டு, மறுநாள் காலையில் எழுத்தில் இறங்குவதே அவருக்கு ஏற்ற வழி.

தமிழருக்கு இதில் உள்ள தனிக் கஷ்டம் மொழி. பஞ்சநாமா தெலுங்கில் எழுதப்படுகிறது. தெலுங்கு பேசத் தெரிந்தவர்களிலும் படிக்கத் தெரியாதவர் பலர். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் போடும் கையெழுத்து, இல்லாத பொருளை இருந்ததாக ஒப்புக்கொள்வதில் போய் முடியலாம். படித்துச் சொல்லும்படி கேட்கலாம். தெரிந்தவர் வந்த பிறகு கையெழுத்திடுகிறேன் எனலாம். தமிழிலேயே, “எனக்குத் தெலுங்கு படிக்கத் தெரியாது” என்று ஒரு வரி எழுதி அதன் கீழ் கையெழுத்திடலாம். போலீஸாரிடம் விசாரணையின்போது சொல்லும் வாக்குமூலத்தில் கையெழுத்திட வேண்டியதே இல்லை என்பது சட்டம். வெள்ளைத் தாளில் கையெழுத்து எந்தக் காரணத்துக்கும் கிடையாது. வீட்டுச் சொந்தக்காரர் சாவியைக் கொடுத்துவிட்டார் என்பதும் போதாது. சட்டம் பேசுவது அங்கே குடியிருப்பவரை அல்லது பொறுப்பில் இருப்பவரைப் பற்றி.

செலவைப் பற்றிய அச்சமும் நியாயமானதே. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி, பெண்களுக்கும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கும், காவலில் இருப்பவருக்கும் மட்டுமல்ல, தொழிற்சாலைத் தொழிலாளிக்கும் இலவச வக்கீல் உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். போலீஸ் சூப்பிரண்டுக்குப் பதிவுத் தபாலில் புகார், மாஜிஸ்திரேட்டிடம் நகல் கேட்டு மனு, கடைசியாக அமராவதியில் உள்ள ஐகோர்ட் என்று படிகள் இருக்கின்றன. ஒருவர் தனியாக ஏறினால் கால் வலிக்கும். இந்த வட்டாரத் தமிழ்ச் சங்கங்கள் பொங்கல் விழாவுக்கும் பட்டிமன்றத்துக்கும் ஒதுக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கை, தெலுங்கு படிக்கத் தெரிந்த ஒரு வக்கீல் குமாஸ்தாவுக்கு ஒதுக்கினால், பல குடும்பங்களுக்கு அது பேருதவியாக இருக்கும்.

அரசு செய்ய வேண்டியதும் உண்டு. கார்டன் சர்ச் தேவை என்று ஆந்திர அரசு கருதினால், அதைச் சட்டசபையில் கொண்டுவந்து விவாதித்து, யார் உத்தரவிடலாம், எந்த நேரத்தில், எத்தனை மணி நேரம், எந்த வீட்டுக்குள் நுழையலாம், எதை எழுதி வைக்க வேண்டும் என்று சட்டமாக்கட்டும். அதுவரை, தெருவில் நிற்கும் வண்டிகளைச் சோதிக்கட்டும். காரணம் எழுதப்படாத வீட்டின் வாசற்படியைத் தாண்டாதிருக்கட்டும். திருப்பதி மாவட்டம் 2022-இல் உருவானபோது, எல்லையோரத் தமிழ் மக்களும் அந்தப் புதிய மாவட்டத்துக்கு வந்தார்கள். 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி இரு மாநிலங்களுக்கும் எல்லை திருத்தப்பட்டபோது, செங்கற்பட்டு மாவட்டத்தின் சில ஊர்கள் ஆந்திரத்துக்கும், திருத்தணி தமிழகத்துக்கும் போயின. ஊர் மாறிய அந்த நாளிலிருந்து இங்கே தமிழ் பேசுகிறவர்கள் விருந்தாளிகள் அல்ல. இந்த மாநிலத்தின் பிரஜைகள். பிழைக்க வந்த மற்றவர்களுக்கும் 21-ஆம் பிரிவு எல்லைச் சாவடியில் நின்றுவிடுவதில்லை. சத்தியவேடு, வரதய்யபாளையம், தடா ஸ்டேஷன்களில் 103, 105, 185-ஆம் பிரிவுகளின் வாசகத்தைத் தெலுங்கிலும் தமிழிலும் பலகையில் எழுதி வாசலில் மாட்ட ஆகும் செலவு சில ஆயிரம் ரூபாய்தான். திருப்பதி மாவட்டப் போலீஸ் சூப்பிரண்டு இதற்கு இந்த மாதமே உத்தரவிட வேண்டும்.